கரப்பான் ரத்தத்தில் திருநீறு

இதை எழுத உட்கார்ந்து எழுந்தது எத்தனை தடவை என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். நோட்டை எடுப்பேன், பேனாவில் மை ஊற்றுவேன், பிள்ளையார் சுழி போடுவேன், அத்தோடு மூடி வைத்துவிடுவேன். அப்படிப் பிள்ளையார் சுழி மட்டும் போட்ட நோட்டு வீட்டில் ஏழெட்டுக் கிடக்கிறது. சோம்பல் இல்லை. எனக்கு இரண்டு மைத்துனர்கள். பெரியவர் ஒற்றியூர் கோயிலுக்குப் போகாமல் காலையில் காபி தொடமாட்டார். சின்னவர் கோயில் மதில் நிழலில்கூட ஒதுங்கமாட்டார். இதைப் படித்தால் பெரியவர், திருநீற்றைக் கேவலப்படுத்திவிட்டான் என்பார். சின்னவர், பார்த்தாயா நான் அப்போதே சொன்னேனே என்பார். இரண்டு பேர் சொல்வதும் தப்பு. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டியவன் நான். அதனால்தான் வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டேன்.

போன மாதம், நான் வேலை பார்த்த லேபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தீர்கள். "ஐயா, உங்க காலத்துல ஏதாவது தப்பு நடந்திருக்கா?" என்று கேட்டீர்கள். இவர் எங்கே தப்புப் பண்ணியிருக்கப் போகிறார் என்ற மரியாதை அந்தக் கேள்வியில் இருந்தது. அது கொஞ்சம் குறைந்தால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நிம்மதி. அதனால் எழுதிவிடுகிறேன். ஆண்டவன் துணை.

நான் படித்தது எட்டாவது வரை. லேபில் சேர்ந்தபோது சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற சாலை ஓரம், ஒரு பழைய கிடங்கின் மாடியில் எங்கள் லேப். லேப் என்றால் இரண்டே அறை. ஒன்றில் மைக்ராஸ்கோப், இன்னொன்றில் கரப்பான் பூச்சிகள். ஆளும் இரண்டே பேர், டாக்டரம்மாவும் நானும். அவர் நாடி பார்க்கிற டாக்டர் இல்லை, பூச்சிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனாலும் நான் எழுந்து நிற்காமல் அவரிடம் பேசியதில்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தம் பெயரை எங்கும் பெரிதாகப் போட்டுக்கொள்ளாதவர் அவர். அவர் வழக்கத்தை நான் மாற்றுவானேன்.

சேர்ந்த முதல் வாரம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். உலகத்தில் எவ்வளவோ இருக்க, இந்தக் கருமத்தை எதற்கம்மா வளர்க்கிறோம் என்று. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "முருகேசன், நீங்க சாக்கடைத் தண்ணி ஒரு வாய் குடிச்சா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார். மூன்று நாள் படுக்கைதான் என்றேன். "இது சாக்கடையிலயே குடும்பம் நடத்துது. பிள்ளை பெறுது, பேரன் எடுக்குது. ஏன் படுக்கல?" என்றார். அதுவரைக்கும் அதை நான் யோசித்ததே இல்லை. பிறகு யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பதில் அதன் ரத்தத்தில் இருந்தது. கரப்பானுக்கு ரத்தம் சிவப்பு இல்லை. நீர்த்த கஞ்சித் தெளிவு மாதிரி இருக்கும். நம்மைப்போல அதற்கு ரத்தக் குழாய் வலை கிடையாது. ஓட்டைப் படகில் புகுந்த தண்ணீர் எப்படி மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து நிற்குமோ, அப்படி உடம்பு முழுக்க ரத்தம் நிறைந்து நிற்கும். அதில் மிதந்துகொண்டிருக்கும் அணுக்கள்தான் காவல். வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே வந்தால், ஒரு அணு மெதுவாகப் பக்கத்தில் போகும், தன் உடம்பையே நீட்டி அதை வளைத்துப் பிடிக்கும், விழுங்கிவிடும். வந்த கும்பல் பெரிதாக இருந்தால் ஒரு அணுவால் ஆகாது. அப்போது தண்டையார்பேட்டைத் தெருவில் ஒருவன் குரல் கொடுத்தால் பத்து வீட்டுக்காரர் கூடுவார்களே, அப்படிக் கூடும். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, வந்தவனை நடுவில் வைத்துச் சுற்றி அடைத்து முடிச்சாகிவிடும். கொஞ்ச நேரத்தில் அந்த முடிச்சு கறுத்துப்போகும். உள்ளே இருந்தவன் கதை அத்தோடு சரி.

முதன்முதலாக டாக்டரம்மா எனக்கு அதை மைக்ராஸ்கோப்பில் காட்டிய அன்று, நான் என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆண்டவன் யானைக்கும் எறும்புக்கும் படியளக்கிறான் என்று கேட்டிருக்கிறேன். கரப்பானுக்குக் காவல்காரனும் போட்டிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

எங்களுக்குக் கரப்பான் கொடுத்தது கன்னியப்பன். தண்டையார்பேட்டையில் ஒரு அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். மண்பானைக்குள் வெல்லப்பாகு வைத்து, உள்வாயில் எண்ணெய் தடவிக் கிடங்கு மூலையில் வைப்பான். உள்ளே விழுந்தது ஏற முடியாமல் வழுக்கும். விடிந்ததும் பானை வாயைத் துணியால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவான். பானையை இறக்கும்போது மீன் விற்கிறவர்கள் வஞ்சிரத்தைக் காட்டுகிற பெருமையோடு காட்டுவான்.

"இன்னா சாமி, பாத்தியா. மீசைய பாரு. கப்பல்ல வந்த சரக்கு இது. உங்க ஒற்றியூர் பக்கம் இந்த மாரி கெடைக்குமா?"

என் நெற்றியில் எப்போதும் மூன்று பட்டை இருக்கும். அதனால் அவனுக்கு நான் 'சாமி'. அவனுக்கு நான் வைத்த பெயரும் உண்டு, அதை எழுதினால் அவன் பேரன்கள் சண்டைக்கு வருவார்கள்.

வேலை இதுதான். கெடுதல் இல்லாத ஒரு மண் கிருமியை உப்புத் தண்ணீரில் கலந்து பாதிக் கரப்பான்களுக்கு ஊசி போடுவது. மீதிப் பாதிக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு நாள் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. கிருமி போனதில் முடிச்சு இருக்க வேண்டும், வெறும் தண்ணீர் போனதில் இருக்கக் கூடாது. அப்போதுதான் அது கிருமியால் வந்தது, ஊசியால் வந்தது இல்லை என்று சொல்ல முடியும். ஒரு வருஷம் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்து, ஊசி போடும் பொறுப்பை அம்மா எனக்கே கொடுத்திருந்தார். தம் கையைவிட என் கை நிதானம் என்று சொன்னார். அதை அன்று இரவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன்.

தப்பு ஆரம்பித்தது என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது. பத்து நாள் விடவில்லை. என் மனைவி யாரையும் குத்திப் பேசுகிறவள் இல்லை. ஆனால் பத்தாம் நாள், குழந்தை நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள். "வாயில்லா ஜீவனுக்கு தெனம் நோவக் குத்திட்டு வரீங்க. அது யாரைப் பாத்து அழும்?"

 நேராக ஒற்றியூர் சன்னிதிக்குப் போய் நின்றேன். பிழைப்பை விட முடியாது, பாவத்தையும் சுமக்க முடியாது, நீயே ஒரு வழி சொல் என்று கேட்டேன். சாமி வழி எதுவும் சொல்லவில்லை. நானே ஒன்று செய்துகொண்டேன். ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கரப்பானுக்கும் ஒற்றியூர் திருநீறு ஒரு துளி வைத்துவிடுவது. அடுத்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. பிறகு கேட்கவா வேண்டும்.

பொட்டலம் சட்டைப் பையில் இருக்கும். அம்மா அடுத்த அறையில் இருக்கும்போது, இடது கையில் கரப்பானை மல்லாத்திப் பிடித்து, வலது கை மோதிர விரலால் ஒரு தொடு. நமசிவாய. பிறகு ஊசி. வயிற்றில் எந்த இடுக்கில் ஊசி போக வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்தான் வைப்பேன். குத்துகிற இடத்துக்குத்தானே காப்பு வேண்டும்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் வாரத்திலேயே, வெறும் தண்ணீர் போன கரப்பான்களிலும் முடிச்சு விழுந்தது. அம்மா முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். அதில் கிருமி ஏதாவது முளைக்கிறதா என்று வளர்த்துப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. ஊசியை மாற்றினார். கண்ணாடிச் சாமான்களையெல்லாம் மறுபடி வேகவைத்தார். முடிச்சு போகவில்லை. அடுத்து ஜன்னல். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினால் எங்கள் பக்கத்தில் காய்கிற வேட்டி மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். அந்தத் தூசிதான் என்று ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னார். சித்திரை மாதம். கரப்பான்கள் சுகமாக இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் வெந்தோம். அப்போதும் முடிச்சு இருந்தது. நானும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இந்தச் சனியன் எங்கிருந்துதான் வருகிறது என்று அம்மாவோடு சேர்ந்து மூலை மூலையாகத் தேடினேன். அந்தக் கஷ்டத்தில் என் பக்தி கூடிவிட்டது. ஒரு துளி வைத்த இடத்தில் இரண்டு துளி வைத்தேன்.

ஆடி பிறந்ததும் பெரிய இடத்துப் பெரியவர்கள் மூன்று பேர் வந்து அம்மாவின் வேலையைப் பார்க்கப் போவதாகக் கடிதம் வந்தது. வேலை தெளிவாக இருந்தால் லேப் நடக்கும். குழப்பமாக இருந்தால் மாடியைக் கிடங்குக்காரர் சாக்கு அடுக்க எடுத்துக்கொள்வார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அம்மா எழுதிய தாளும் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகள் எனக்கு. அந்தத் தாள் மேஜையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஒரு வியாழக்கிழமை காலை கன்னியப்பன் பானையோடு வந்தபோது அம்மா அவனை உள்ளே கூப்பிட்டார். சந்தேகப்பட மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். கிடங்குகளில் அப்போது பூச்சி மருந்துத் தூள் தூவ ஆரம்பித்திருந்தார்கள். அந்தத் தூள் ஒட்டிய கரப்பானைக் கொண்டுவருகிறாயா என்று கேட்டார்.

கன்னியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "யம்மா, என் சரக்கு சுத்தமான சரக்கு மா. மருந்து போட்ட மூலைக்கு நான் பானைய கொண்டு போறதே கெடையாது. இந்தா நிக்கிறாரே சாமி, தெனம் அவரு கையிலதான குடுக்கறேன். கேட்டுப் பாரு."

அம்மா அவனோடு வாதாடவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்து, நீயே பார் என்றார். அவன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். ஊதா நிறமாகச் சாயம் ஏறிய அணுக்கள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் உடைந்த கூழாங்கல் மாதிரி சின்னச் சின்னப் பொடி.

"இது மருந்துத் தூளு இல்ல மா. மருந்து மாவு மாரி கீது, இது அப்படி இல்ல. சாம்பலு மாரி கீது. எங்க கெடங்குல சாம்பலு ஏது? பீடி பத்த வெச்சாலே சீட்டு கிழிச்சி வூட்டுக்கு அனுப்பிடுவான்."

சாம்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் என் வலது கை தானாகச் சட்டைப் பைமேல் போய் நின்றது. பையில் பொட்டலம் இருந்தது. மேஜைமேல் தாள் இருந்தது. கன்னியப்பன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லு சாமி" என்றான்.

நான் சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன். 

அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, கோபமில்லாமல், அடுத்த திங்கள் முதல் வேறு இடத்திலிருந்து பூச்சி வாங்கிப் பார்க்கிறேன், நீ கொண்டுவர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்.  பானையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனான். கீழ்ப்படியில் நின்று ஒரு தடவை மேலே பார்த்தான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வியாழன் போயிற்று. வெள்ளி ஊசி போடும் நாள். திருநீறு வைக்காமல் போட்டேன். சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை அடுத்த அறை வாசல் வரை போனேன். ஒரு தடவை ஸ்பிரிட் விளக்கு எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு தடவை அதுகூடக் கேட்கவில்லை. சாத்திய ஜன்னல்களுக்குள் நாங்கள் வெந்ததும், வீணாய்ப்போன கரப்பான்களும், அம்மா கண்ணுக்குக் கீழே விழுந்த கருமையும் எல்லாம் என் மோதிர விரல் வேலை; அது வைத்த சாம்பலைத்தான் ஊசி உள்ளே தள்ளியிருக்கிறது. அதைச் சொன்ன பிறகு எந்த முகத்தோடு அந்தத் தாளில் கையெழுத்துக் கேட்பது?

சனிக்கிழமை சாயங்காலம் ஒற்றியூர் கோயிலுக்குப் போனேன். கற்பூரம் காட்டினார்கள். குருக்கள் வரிசையாகத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். என்னெதிரே வந்து நின்றார். எனக்குக் கை நீளவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நீட்ட நினைத்தேன், வரவில்லை. குருக்கள் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டார். பிறந்ததிலிருந்து அந்தச் சன்னிதியிலிருந்து வெறும் நெற்றியோடு வெளியே வந்தது அந்த ஒரு நாள்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "எல்லாத்துக்குமா வெச்சீங்க?" என்று கேட்டாள். எல்லாத்துக்கும் என்றேன். பிறகு சிரிப்பு அடங்கி, "அந்த ஆளு பானைய வெச்சிட்டுப் போனாருன்னீங்களே, அத எடுத்துட்டுப் போய்க் குடுங்க" என்றாள். 

அம்மா ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்கு வருவார். நான் போய் எதிரே நின்று, பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. "அம்மா, சாம்பல் இதுதான்" என்றேன்.

அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். எந்த நாளிலிருந்து? எந்த விரல்? எந்த இடத்தில்? ஊசிக்கு முன்னாலா பின்னாலா? எவ்வளவு? இரண்டு துளியானது எப்போது? நான் திட்டுக்குத் தயாராக வந்திருந்தேன். இந்தக் கேள்விகளுக்கு இல்லை. எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு.

"இந்த அணு கிருமியை மட்டுமில்ல, எந்தப் பொடி உள்ள வந்தாலும் முழுங்கும்னு வெளிநாட்டுக்காரங்க எப்பவோ எழுதி வெச்சிருக்காங்க. நான் படிச்சும் இருக்கேன். அந்தப் பொடி உங்க சட்டைப் பையில இருக்கும்னு யாரும் எழுதல, முருகேசன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீங்க சொன்னீங்க, சரி. சொன்னதை வெச்சு நான் எழுத முடியாது. கன்னியப்பனையும் இப்படித்தான் சொன்னதை வெச்சு அனுப்பினேன். பூச்சி சொல்லட்டும்."

அவர் வைத்த ஏற்பாடு இது. இருபது கரப்பான், இருபது பெட்டி, ஒன்று முதல் இருபது வரை எண். எல்லாவற்றுக்கும் வெறும் உப்புத் தண்ணீர்தான். பத்துக்குத் திருநீறு வைத்துப் போட வேண்டும், பத்துக்கு வைக்காமல். எது எது என்று எனக்கு மட்டும் தெரிய வேண்டும். நான் ஒரு தாளில் எழுதி மடித்து ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அவரிடம் முகக்குறிகூடக் காட்டக் கூடாது. இரண்டு நாள் கழித்து அவர் ஸ்லைடை மட்டும் பார்த்துச் சொல்வார். அது தாளோடு ஒத்துப்போனால்தான் சாம்பல்தான் காரணம் என்று நம்புவார்.

அதற்கு இருபது நல்ல கரப்பான் வேண்டும். அதற்குக் கன்னியப்பன் வேண்டும். பானையைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு நடந்தேன். வழியெல்லாம் ஆட்கள் என் பட்டையையும் பானையையும் பார்த்து, ஏதோ பிரசாதம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவன் வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பீடியைச் சுவரில் அணைத்தான்.

"ரெண்டு நாளா இங்க அவனவன் கேக்கறான், இன்னாடா கரப்பானுல கூட கலப்படமான்னு. பேஜாரா பூட்சி சாமி." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆமா, நெஜமா பட்டையா போட்ட?"

பட்டை இல்லை, ஒரு துளிதான் என்றேன். அவனுக்கு அடக்க முடியவில்லை. வீட்டுக்குள் திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான். நான் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தெருவில் அன்று நான் வாங்கிக்கொண்டது எனக்குத் தகும். கடைசியில் அவன் பானையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, இருபதும் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பொறுக்கித் தருகிறேன் என்றான். அப்படியே தந்தான்.

செவ்வாய்க்கிழமை ஊசி போட்டேன். அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வியாழக்கிழமை அவர் காலையிலிருந்து மைக்ராஸ்கோப்பைவிட்டு எழவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே உண்டு, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தார். நான் முகத்தைக் காட்டாமலிருக்க சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணாடிக் குழாய் துடைத்தேன். துடைத்த குழாயையே எத்தனை தடவை துடைத்தேனோ.

மத்தியானம் இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் ஒன்று, இரண்டு என்று படிக்க, நான் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு வரை ஒன்றுகூடத் தப்பவில்லை.  பதிமூன்றாவதுக்கு அவர் 'உண்டு' என்று படித்தார். என் தாளில் 'இல்லை' என்று இருந்தது. மீதி ஏழும் சரி. என் தாளில் திருநீறு பத்து. அவர் தாளில் பதினொன்று.

அவர் பதிமூன்றாவது ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். "எனக்குப் பொடி இருக்கிற மாதிரிதான் தெரியுது. சாயத்துக் கசடா இருக்கலாம். காலையிலருந்து பார்த்துக் கண்ணும் களைச்சுப்போச்சு. இருபதுல ஒண்ணு நான் தப்பாப் பார்த்தேன்னு எழுதிடறேன். பெரியவங்க அதை ஒத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. தம் கண் தப்பியது என்று எழுதுவது அவருக்கு அவ்வளவு சாதாரணம். எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

பதிமூன்றாவது பெண் கரப்பான். வயிற்று நுனியில் முட்டைப் பையைச் சுமந்துகொண்டிருந்தது. அவரைக் கொட்டை மாதிரி, பழுப்பாக. திருநீறு வைக்காத வரிசையில் அது வந்தது. மல்லாத்திப் பிடித்தபோது அந்தப் பையைக் கால்களால் மறைத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது. அப்புறம் என்ன நடந்தது என்று செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால், ஒன்றும் நடக்கவில்லை, ஊசி போட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். தாளிலும் அப்படித்தான் எழுதினேன். அவர் பதினொன்று என்றதும்தான் என் மோதிர விரல் ஞாபகம் வந்தது. அது பைக்குப் போனது. வந்தது. தொட்டது.

இந்தத் தடவை மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மா, எழுதாதீங்க. நீங்க தப்பாப் பார்க்கல. பதிமூணுக்கும் வெச்சுட்டேன். புள்ளத்தாச்சி. கை போயிடுச்சு" என்றேன்.

பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார், ஸ்லைடைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"வெச்சது உங்களுக்கே தெரியாதா?"

"இப்பத்தான் தெரியுது."

"அதுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றார் அவர், மைக்ராஸ்கோப்பைக் காட்டி.

எழுதியதை அவர் அழிக்கவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டு, அடித்தது தெரியும்படி விட்டு, பக்கத்தில் உண்மையை எழுதினார். அந்தத் தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு மேஜையின் அந்தப் பக்கமிருந்த இன்னொரு தாளை இழுத்தார். எந்தத் தாள் என்று உங்களுக்குத் தெரியும். அதில் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆடியில் பெரியவர்கள் வந்தார்கள். அம்மா எதையும் மறைக்கவில்லை. 'மாட்டுச் சாணச் சாம்பல்' என்று அறிக்கையில் எழுதியிருந்தார், வாயால் சொல்லும்போது திருநீறு என்றே சொன்னார். ஒருவர் இருமல் வரும் வரை சிரித்தார். இன்னொருவர் நெற்றியில் இருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். லேப் நடந்தது. கன்னியப்பன் பானையும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் அவன் பானையை இறக்கும்போது, "இன்னா சாமி, இன்னிக்கு அபிசேகம் உண்டா?" என்று கேட்பான். பதினெட்டு வருஷம் கேட்டான்.

திருநீற்றை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. பெட்டி மூடிக்கு மேலே, வெளிப்பக்கம், மூடியைத் திறப்பதற்கு முன்னால் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு பூச்சியைத் தொடச் சொன்னார். சாமிக்கு மூடி தடையா என்ன? ஓய்வு பெறும் வரை அப்படித்தான் செய்தேன்.

பிள்ளைகளே, இதை உங்களுக்குப் பின்னால் சேருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் பெரிய மைத்துனர் கேட்டால் அந்தத் தாய்க் கரப்பான் பிழைத்ததா என்பார். பிழைக்கவில்லை, அதை அறுத்துத்தான் ஸ்லைடு எடுத்தோம். சின்னவர் கேட்டால் முருகேசன் அன்றோடு பட்டையை அழித்துவிட்டான் என்று முடித்துவிடுவார். அழிக்கவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. கன்னியப்பன் படியிறங்கிப் போனபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், அதற்குப் பிறகு மூன்று நாள் ஸ்பிரிட் விளக்கைத் தேடியதையும் விட்டுவிடாதீர்கள். என்மேல் பிரியத்தில் யாராவது அதை எடுத்துவிட்டால் இது நான் நல்லவன் என்று சொல்கிற கதையாகிவிடும். பதினொன்றைப் பத்தாக்காதீர்கள். பதினொன்றுதான்.